மாலை வகுப்பின் தரத்தைப் பார்ப்பது யார்?

தகடூராம் தருமபுரி மேடை என்றால் அதியமானையும் நெல்லிக்கனியையும் சொல்லித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். இன்று அந்த மரபிலிருந்து எனக்கு விலக்குக் கொடுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு. நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 68.5 விழுக்காடு. மாநிலத்திலேயே கடைசி இடம். பெண்களை மட்டும் எடுத்தால் 60. அன்று எழுத்தறியாதவர் பட்டியலில் இருந்த பெண்களில் எத்தனையோ பேர் இன்று பாட்டிமார்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்கும் போகிற மகனும் மருமகளும் பிள்ளைகளை அவர்களிடம்தான் விட்டுப் போகிறார்கள். காசு கட்டி அனுப்பும் டியூஷனுக்கு ஒரு தணிக்கையாளர் உண்டு. பணம் கட்டுகிறவரே அவர். பிள்ளைக்கு ஒன்றும் ஏறவில்லை என்று தெரிந்தால் அடுத்த மாதமே வேறு வாத்தியாரைத் தேடுவார். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடக்கும் இலவச மாலை வகுப்பில் அப்படி ஓர் ஆள் இல்லை. பாட்டி நோட்டைத் திறந்து பார்ப்பார். அதில் இருப்பது பிள்ளை படித்து எழுதியதா, பலகையைப் பார்த்து வரைந்ததா என்று அவருக்குத் தெரியாது. அப்படியானால் அந்த வகுப்பின் தரத்தைப் பார்ப்பது யார்? இந்த ஒரு கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்க வந்தேன்.

மாலை வகுப்பால் பயன் உண்டா என்று யாராவது கேட்டால், உண்டு என்று தயங்காமல் சொல்லலாம். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வி என்ற மாலை வகுப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. தன்னார்வலர் ஒருவருக்கு ஏறத்தாழ 20 பிள்ளைகள், நாளுக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. தன்னார்வலர் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு லட்சத்தைத் தொட்டது. அபிஜித் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். கொரோனாவுக்கு முன்பே அங்கே எடுத்துவைத்த அளவீடு கையில் இருந்ததால், இழந்தது எவ்வளவு, மீண்டது எவ்வளவு என்று அவர்களால் சொல்ல முடிந்தது. பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளே வேகமாக மீண்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த, பட்டம் பெற்ற நம் ஊர்ப் பெண்கள் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் உட்கார்ந்து செய்த வேலை இது. கைதட்டலாம். ஆனால் கால் பங்கு என்பது ஒரு சராசரி. நன்றாக நடந்த மையமும் பெயருக்கு நடந்த மையமும் அதற்குள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. நம் ஊர் மையம் இதில் எந்த வகை என்று அந்த எண் சொல்லாது.

நல்ல மையத்தை எது உண்டாக்குகிறது? நல்ல தன்னார்வலர் என்று உடனே பதில் வரும். பாதிதான் சரி. பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் பல ஆண்டுகள் பிற மாநிலங்களில் செய்த ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். மும்பையிலும் வடோதராவிலும் உள்ளூர் இளம்பெண்கள், இரண்டே வாரப் பயிற்சியோடு, பின்தங்கிய மூன்றாம் நான்காம் வகுப்புப் பிள்ளைகளைத் தனியே அழைத்து அடிப்படையிலிருந்து கற்பித்தார்கள். முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. உத்தரகாண்டில் அரசு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், புத்தகங்கள் கொடுத்தார்கள், தன்னார்வலர்களையும் அனுப்பினார்கள், பலன் பூஜ்யம். காரணம், ஆள் இல்லாத வகுப்புக்கு ஆளாகத் தன்னார்வலர்களைப் பள்ளி உள்ளே இழுத்துக்கொண்டது. எல்லோரும் மறுபடி பாடப்புத்தகத்தையே நடத்தினார்கள். பீகாரில் ஒரு வேடிக்கை. பயிற்சியும் புத்தகமும் மட்டும் பெற்ற அரசு ஆசிரியர்களால் பள்ளி ஆண்டில் மாற்றம் வரவில்லை. அதே அரசு ஆசிரியர்கள் ஒரு மாதக் கோடை முகாமில் பிள்ளைகளின் நிலைக்கேற்பக் கற்பித்தபோது வந்தது. ஆசிரியர் மாறவில்லை, அவருக்குக் கொடுத்த வேலைதான் மாறியது. பிறகு ஹரியானாவில் இந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டார்கள். தினமும் ஒரு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கினார்கள். அந்த நேரத்தில் வகுப்பைக் கலைத்து, படிக்கும் நிலைப்படி பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். மேற்பார்வைக்கு வரும் அலுவலர்களை முதலில் இரண்டு மூன்று வாரம் தாங்களே வகுப்பெடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். இந்தி வாசிப்பு உயர்ந்தது.

ஆகவே தரம் என்று நான் சொல்வது இதைத்தான்: பிள்ளை நிற்கும் படி எது என்று தெரிந்து அங்கிருந்து கற்பிப்பது, அப்படி நடக்கிறதா என்று விவரம் தெரிந்த ஒருவர் வந்து பார்ப்பது. நமக்கு இது புதிதும் இல்லை. தொடக்க வகுப்புகளுக்காக 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை வைத்திருக்கிறோம்; தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் எல்லோருக்கும் இந்தச் சொற்கள் பழக்கம். வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர் இருக்கிறார். கருவிகள் கையில் இருந்தும் மாலை வகுப்பு வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அதன் பெயர் வீட்டுப்பாடம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புப் பாடம் வாசிக்க வரவில்லை. ஆனால் நாளைக்குக் கொடுக்க வேண்டியது ஐந்தாம் வகுப்புக் கேள்வி பதில். தன்னார்வலர் அக்கா சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதிவிடும். நோட்டு நிறையும், ஆசிரியர் கையெழுத்துப் போடுவார், பாட்டி மகிழ்வார், வருகைப் பதிவேடும் நிறைந்திருக்கும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் பிள்ளை ஓர் எழுத்துகூட முன்னேறவில்லை என்பதை மட்டும் எந்தப் பதிவேடும் காட்டாது.

இதற்கு மறுப்புகள் வரும். சின்னப் பிள்ளைகளுக்கு மாலையிலும் பரீட்சையா என்பார்கள். நான் கேட்பது பரீட்சை இல்லை. எழுத்து, சொல், பத்தி, கதை என்று நான்கு துண்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். மதிப்பெண் இல்லை, தரவரிசை இல்லை. இரண்டாவது மறுப்பு கனமானது: சிறு ஊக்கத்தொகைக்கு வருகிறவரைச் சோதிக்க ஆள் அனுப்பினால் அவர் நாளையே நின்றுவிடுவார். உண்மை, அவ்வளவு குறைந்த தொகைக்குச் செய்யும் வேலைக்குக் கூடவே அதட்டலையும் யார் வாங்கிக்கொள்வார்? அந்தத் தொகை உயர வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஹரியானாவில் மேற்பார்வைக்குப் போனவர்கள் தாங்களே வகுப்பெடுத்துவிட்டுப் போனவர்கள். குறிப்பேட்டோடு வந்து குறை எழுதிவிட்டுப் போகிறவருக்கும், உட்கார்ந்து ஒரு பாடம் நடத்திக் காட்டிவிட்டுப் போகிறவருக்கும் உள்ள வேறுபாடு தன்னார்வலருக்கு நன்றாகவே தெரியும்.

மூன்றாவது மறுப்பை ஆசிரியர் சங்கத் தோழர்கள் மட்டுமல்ல, பெற்றோரும் சொல்கிறார்கள்: மாலை வகுப்பைச் சரிசெய்யப் போனால் பள்ளிக்கூடம் தன் பொறுப்பிலிருந்து நழுவிவிடும். இந்த அச்சம் நியாயமானது. மீட்சியில் மாலை வகுப்பின் பங்கு கால் பங்குதான் என்று அந்தத் தமிழ்நாட்டு ஆய்வே சொல்கிறதே. மீதியில் பெரும்பகுதி பள்ளி திறந்ததன் பலன் என்றே கொள்ள வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் அறிந்து தேவையான கூடுதல் கற்பித்தலைத் தருவது ஆசிரியரின் கடமை என்கிறது. ஆகவே மாலை மையத்தில் தெரியவரும் நிலைக் குறிப்பு வகுப்பாசிரியர் மேசைக்குப் போக வேண்டும், அவர் அதைப் படித்து மறுநாள் வகுப்பை நடத்த வேண்டும். குறிப்பு போகாத இடத்தில்தான் நழுவல் நடக்கும். மும்பை, வடோதராவில் உதவி நின்று ஓராண்டு கழித்துச் சோதித்தபோது, பெற்ற முன்னேற்றத்தில் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது. பள்ளி பிடித்துக்கொள்ளாததை மாலை வகுப்பு மட்டும் காப்பாற்றாது.

சித்தேரி, வத்தல்மலை ஊர்களில் இந்தக் கணக்கு இன்னும் கடினம். அங்கே தன்னார்வலர் கிடைப்பதே அரிது, பயிற்றுநர் ஏறி வருவது அதனினும் அரிது. பெற்றோரோடு செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் போய் நான்கு மாதம் கழித்துத் திரும்பும் பிள்ளையும் இருக்கிறது. அந்தப் பிள்ளை வந்த அன்றே நிலையறிந்து குழுவில் சேர்க்காவிட்டால் கடைசி வரிசையில் உட்கார்ந்தே ஆண்டு முடிந்துவிடும். மலைக்கு ஒரு மாதிரி, சமவெளிக்கு ஒரு மாதிரி என்று ஆள் ஒதுக்கீட்டை மாற்றுவது மாவட்ட நிர்வாகத்தின் வேலை. அதை நாம் கேட்டு வாங்க வேண்டும்.

பாட்டியால் முடியாததைப் பள்ளி மேலாண்மைக் குழுவால் செய்ய முடியும். சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். தாய்மார்களே, அடுத்த கூட்டத்தில் எத்தனை மையம், எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டதோடு எழுந்துவிடாதீர்கள். எந்தப் பிள்ளையின் பெயரும் வேண்டாம், எண் போதும். ஜூன் மாதத்தில் ஒரு சொல்லைக்கூட வாசிக்க முடியாமல் இருந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் இன்று ஒரு பத்தியை வாசிப்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதிலை வாயால் சொன்னால் ஏற்காதீர்கள். தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.