புல்வாயும் புல்லும்

வகுப்பில் ஒருநாள் முல்லைத் திணையை விளக்கிக்கொண்டிருந்தேன். காடும் காடு சார்ந்த இடமும், அங்கே மானும் முயலும், ஆநிரை மேய்க்கும் ஆயரும் என்று வழக்கம்போல் அடுக்கிக்கொண்டு போனேன். தலவிலப் பக்கத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்தான். அவனுடைய தகப்பனார் மாடு வளர்ப்பவர்.

"சேர், மாடும் புல்லுத்தான் தின்னுது, மானும் புல்லுத்தான் தின்னுது. கோடையில ரெண்டுக்கும் காணுமா?" என்று கேட்டான்.

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் முல்லையைக் கற்பித்தவன் புல்லைப் பற்றி ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

அன்றிரவு தொல்காப்பிய மரபியலை எடுத்தேன். ஓரறிவுயிர்களைக் கூறுமிடத்துப் புல்லை முதலிலும் மரத்தை அதன் பின்னும் வைக்கிறார் ஆசிரியர். மானுக்குப் புல்வாய் என்றொரு பெயரும் அங்கே உண்டு. உழைமானின் ஆணுக்குரிய கலை என்னும் பெயரை முசுக் குரங்குக்கும் வழங்குகிறார். காட்டில் குரங்கு உதிர்க்கும் தழையை மான் கூட்டம் கீழே நின்று தின்பதை அறிந்தவர்களுக்கு இந்தப் பெயர்ப் பொருத்தம் சுவை தரும்.

ஆவணி உற்சவத்துக்கு நண்பரொருவருடன் தலவில அன்னம்மாள் ஆலயத்துக்குச் சென்றபோதும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. கடும் வரட்சிக் காலம். பற்றைகளுக்கிடையே மணல்தான் தெரிந்தது. மாடுகள் முள்ளுக்கிடையே வாயை நுழைத்துக்கொண்டிருந்தன.

அங்கிருந்து களப்பைக் கடந்து வடகிழக்கே போனால் வில்பத்து. 1938இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட அந்தக் காட்டுக்குப் பெயரைக் கொடுத்தவை வில்லுகள். மணற்கரை சூழ்ந்த, மழைநீர் தேங்கும் ஆழமற்ற இயற்கைக் குளங்கள் அவை. மாரியில் நிரம்பும், கோடையில் நீர் மெல்ல உள்வாங்கும். நீர் விலகிய ஈரத்தரையில் இளம்புல் முளைக்கும். மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்கையில் புள்ளிமான்கள் அந்தப் புல்லை நாடி வருகின்றன. மானை நம்பியே சிறுத்தையும் வாழ்கிறது. 2013இல் இந்த ஈரநிலங்கள் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன.

ஆகவே மானைக் காப்பதென்றால் துவக்கைத் தடுப்பது மட்டுமல்ல. வில்லுக்கு வரும் நீர்வழியைக் காக்க வேண்டும். புல்வெளியைப் பற்றை மூடாமல் பார்க்க வேண்டும். மந்தை மிஞ்சினால் புல் வேரோடு போய்விடும். மேய்ச்சலே இல்லாவிட்டால் புல் முற்றிக் கரடாகும். மானுக்கு வேண்டியதோ குட்டையான இளம்புல். எல்லாம் அளவிலே இருக்கிறது.

கடலுக்கு அப்பால் கோடிக்கரையில் நடந்ததும் இதற்குச் சான்று. இரலை மானுக்காக 1967இல் அங்கே சரணாலயம் அமைத்தார்கள். ஆனால் சீமைக்கருவேல் புல்வெளிக்குள் பரவியது. அதன் காயைத் தின்னும் கால்நடை சாணத்தோடு விதையையும் பரப்பும். வெட்டவெளியில் ஓடிப் பிழைக்கும் இரலைக்கு அடர்ந்த முட்புதர் வீடாகாது. நம் நாட்டுப் புந்தலவிலும் அதே மரம் பெருந்தொல்லையாயிற்று. மரம் எல்லா இடத்திலும் நன்மையே என்று பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்பித்தவன் நான். புல்வெளியைத் தரிசு என்றும் எழுத வைத்தேன். அது என் பிழை.

அடுத்த தவணையில் அந்த மாணவனை எழுப்பிப் பதில் சொன்னேன்: "தம்பி, புல்லை அளவறிந்து மேய்த்தால் ரெண்டுக்கும் காணும். அளவு தப்பினால் ஒன்றுக்கும் காணாது."

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்பாவும் அதைத்தான் சொல்லுவார், சேர். ஆனா மழை பெய்யாத வருஷம் மாட்டை எங்க கொண்டுபோறது எண்டும் கேப்பார்" என்றான்.

மான்களுக்காகப் புல்லை அளந்து காப்பவர்கள் அந்தத் தகப்பனாரின் கேள்விக்கும் ஒரு மேய்ச்சல் தரையை ஒதுக்கித்தான் விடை சொல்ல வேண்டும். முல்லைப் பாட்டில் மானும் ஆயனும் ஒரே நிலத்தில்தான் இருக்கிறார்கள்.