வாசல் வரை போய்த் திரும்புகிறவர்



விசாரணை முடிந்து போலீஸ்காரர் எழுந்துவிட்டார். வாசல் வரை போயும் விட்டார். அப்பாடா, ஒழிந்தான் என்று வீட்டுக்காரர் மூச்சு விடுகிறார். அந்த நேரம் பார்த்து நெற்றியில் கையை வைத்தபடி திரும்புவார், ஒன்றே ஒன்று கேட்க மறந்துவிட்டேன் என்று. அந்த ஒன்றில்தான் எல்லாம் இருக்கும்.

அவர்தான் கொலம்போ. லாஸ் ஏஞ்சலஸ் போலீசில் லெப்டினன்ட். கசங்கிய மழைக்கோட்டு, பாதி புகைத்த சுருட்டு, எப்போது நின்றுபோகுமோ என்று பயமுறுத்தும் பிஜோ கார். அவர் பெயரிலேயே வந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் அவராக நடித்தவர் பீட்டர் ஃபாக். அந்த மழைக்கோட்டு கம்பெனி தைத்துக் கொடுத்ததல்ல, அவரே கடையில் வாங்கியது.

வாசலில் திரும்பும் வித்தை எப்படிப் பிறந்தது தெரியுமா? சோம்பலில். கொலம்போவைப் படைத்தவர்கள் ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்ற இரண்டு பள்ளிக்கூடத் தோழர்கள். ஒரு நாடகக் காட்சியை எழுதி முடித்து, கொலம்போவை வெளியே அனுப்பியும் விட்டார்கள். அப்புறம்தான் காட்சி ரொம்பச் சின்னதாக இருப்பது தெரிந்தது. தட்டச்சுப் பொறிக் காலம். நடுவில் ஒரு வரி செருக வேண்டுமென்றால் திரும்பவும் அடிக்க வேண்டும். யார் அடிப்பது? போன ஆளையே திரும்பி வரவைத்துவிட்டார்கள்! அந்த நாடகம் 1962இல் மேடையேறியது. 1968இல் அதைத் தொலைக்காட்சிப் படமாக எடுத்தபோதுதான் ஃபாக் உள்ளே வந்தார். 1971 செப்டம்பரில் தொடர் ஆரம்பமானது. அதன் முதல் கதையை இயக்கிய பையனுக்கு வயது 24. பெயர் ஸ்டீவன் ஸ்பீல்பர்க்.

துப்பறியும் கதை என்றால் கொலைகாரனைக் கடைசிவரை ஒளித்து வைப்பதுதான் வழக்கம். இங்கே அது தலைகீழ். கொலை நம் கண்ணெதிரே நடக்கும். செய்தவர் யார், ஏன் செய்தார், தடயத்தை எப்படி மறைத்தார், எல்லாம் நமக்குத் தெரியும். கொலம்போ தலைகாட்டவே கால்மணி, அரைமணி ஆகும். பிறகு என்ன சுவாரசியம் என்கிறீர்களா? ராவணன் மாளப்போவது தெரிந்துதானே கதாகாலட்சேபத்தில் போய் உட்காருகிறோம்!

1973இல் வந்த ஒரு கதையைச் சொல்கிறேன். ஏட்ரியன் கார்சினி என்று ஒருவர். டொனால்ட் பிளெசன்ஸ் நடித்தது. ஒயின்தான் அவருக்கு உயிர். ஆனால் ஒயின் ஆலை அவர் பெயரில் இல்லை. அப்பா அதை எழுதி வைத்தது வேறு தாய்க்குப் பிறந்த தம்பிக்கு. தம்பி ஒருநாள் வந்து, மலிவு ஒயின் தயாரிக்கும் ஒரு பெரிய கம்பெனிக்கு ஆலையை விற்கப்போகிறேன் என்கிறான். அண்ணனுக்கு ஆத்திரம் தலைக்கேறுகிறது. ஒரே அடி. தம்பி மயங்கி விழுகிறான். அவனை ஒயின் அறையில் கட்டிப் போட்டு, குளிர்சாதனத்தையும் காற்றோட்டத்தையும் நிறுத்திவிட்டு நியூயார்க்குக்கு விமானம் ஏறுகிறார். திரும்பி வருவதற்குள் தம்பி மூச்சுமுட்டிச் செத்திருக்கிறான். உடலுக்கு நீர்மூழ்கி உடை மாட்டிக் கடலில் தள்ளியாகிவிட்டது. விபத்துதான், சந்தேகமில்லை.

கொலம்போவுக்கு ஒயினைப் பற்றி அ, ஆ கூடத் தெரியாது. கார்சினியிடமே போய்க் கேட்டுக் கற்றுக்கொள்கிறார். ரசிகன் கிடைத்த சந்தோஷத்தில் அவரும் சொல்லிக் கொடுக்கிறார். கடைசியில் ஒரு நல்ல உணவகத்துக்கு விருந்துக்கு அழைக்கிறார் லெப்டினன்ட். அருமையான போர்ட் ஒயின் வருகிறது. கார்சினி ஒரு வாய் வைத்ததும் முகம் மாறுகிறது. சூட்டில் கெட்டுப்போன ஒயினையா பரிமாறுவது என்று உணவகமே அதிரக் கத்துகிறார். அந்த மேஜையில் வேறு யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அந்தப் புட்டி கார்சினியின் சொந்த அறையிலிருந்து கொலம்போ எடுத்து வந்தது. கார்சினி ஊரில் இல்லாத நாட்களில் வெயில் கொளுத்தியிருக்கிறது. குளிர்சாதனம் ஓடியிருந்தால் ஒயின் கெட்டிருக்காது. கெட்டிருக்கிறது என்று சாட்சி சொல்ல அந்த ஊரில் ஒரே ஒரு நாக்குதான் இருந்தது. அதை வைத்திருந்தவரே சொல்லிவிட்டார். கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு விழுங்கியிருந்தால் தப்பித்திருப்பார். எப்படி மூடுவார், அதுதானே அவருடைய பெருமையெல்லாம்!

1974இல் இன்னொரு கதை. கொலைகாரர் புகைப்படக்காரர், நடித்தவர் டிக் வான் டைக். போலீஸ் அலமாரியில் வரிசையாக நிற்கும் கேமராக்களில் சரியாக ஒன்றைக் கைநீட்டி எடுத்து மாட்டிக்கொள்கிறார். கொல்லப்பட்டவரைப் படமெடுத்த கேமரா எது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லையே!

எல்லாக் கதையும் இந்தத் தரம் என்று சொல்லமாட்டேன். மொத்தம் 69. அவற்றில் 1989இல் மறுபடி தொடங்கி 2003 வரை வந்தவற்றில் பல, ஆறின காப்பிதான். கொலையாளிக்கும் கொலம்போவுக்கும் நடுவே இருந்த அந்த மரியாதை அவற்றில் குறைந்துபோனது.

ஒயின் கதையில் அது நிறைய உண்டு. கார்சினியைக் கைது செய்து அழைத்துப்போகும் வழியில், அவருடைய ஆலைக்கு எதிரே தன் ஓட்டைக் காரை நிறுத்துகிறார் கொலம்போ. ஒரு புட்டியையும் கண்ணாடிக் குவளைகளையும் எடுக்கிறார். கார்சினி புட்டியின் சீட்டைப் பார்க்கிறார். நல்ல ஒயின். மாணவன் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறான். இருவரும் குடிக்கிறார்கள்.