சிரிப்பை வெளியே விட்டுவிட்டு வராதீர்கள்



இன்று பட்டம் பெறும் காட்சித் தொடர்பியல் மாணவ மாணவியரே, உங்கள் குறும்படங்களைப் பார்த்தேன். பெரும்பாலும் நகைச்சுவை. பரோட்டாக் கடைச் சண்டை, ஹாஸ்டல் கலாட்டா, பெண் பார்க்கப் போய் மாட்டிக்கொள்ளும் மாப்பிள்ளை. நன்றாகவே சிரிக்க வைக்கிறீர்கள். "காமெடி போதும் சார், அடுத்து சீரியஸா ஒண்ணு பண்ணணும்" என்று பலர் சொன்னீர்கள். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

காமெடியிலிருந்து டிராமாவுக்கு வரும் புதியவர்கள், கையில் இருக்கும் நல்ல சரக்கையெல்லாம் வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு வருகிறார்கள். நேற்றுவரை வாய் ஓயாமல் பேசிய பாத்திரங்கள் ஊமையாகிவிடுகின்றன. பின்னணியில் வயலின் அழுகிறது. கடைசியில் யாராவது ஒருவர் சாகவேண்டும். சிவகாசி, சாத்தூர் பக்கம் எடுத்தால் அது பட்டாசு ஆலை வெடிவிபத்துதான். இதைக் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் அப்படி ஒரு விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் மறுபடியும் பல உயிர்கள் போயின. இறந்தவர்களின் வீடுகள் இங்கிருந்து பஸ் ஏறிப் போகும் தூரத்தில்தான் இருக்கின்றன. கதையை முடிக்க வழி தெரியாததற்காக அந்தச் சாவுகளை எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை கிடையாது.

பிறகு எப்படித்தான் டிராமா எடுப்பது?

நம் ஊர்க்காரர், இயக்குநர் வசந்தபாலனின் 'வெயில்' படத்தை மறுபடி பாருங்கள். 2006-இல் வந்தது, அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு தியேட்டருக்குப் போகிறான் ஒரு பையன். நாம் எல்லோரும் செய்த சேட்டைதான், சிரித்துக்கொண்டே பார்க்கிறோம். கசாப்புக் கடை வைத்திருக்கும் அப்பாவிடம் மாட்டுகிறான். அவர் அவனை அம்மணமாக்கி வெயிலில் வாட்டுகிறார். அந்த அவமானத்தில் வீட்டை விட்டு ஓடுகிறவன், எல்லாவற்றிலும் தோற்ற மனிதனாகத்தான் திரும்பி வருகிறான். அந்தச் சேட்டைக்கு ரெண்டு அடி மட்டும் விழுந்திருந்தால் அது காமெடிக் காட்சி. ஆயுசு முழுக்க அவன் அதற்கு விலை கொடுக்கிறான், அதனால் டிராமா. ஆளும் அதே ஆள், தப்பும் அதே தப்பு.

கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' போட்டியில் ஜெயித்து வந்த நித்திலன் சாமிநாதனும் இதே வித்தையைத்தான் கையாள்கிறார். அங்கே அவர் எடுத்த குறும்படத்தின் பெயரே 'புன்னகை வாங்கினால் கண்ணீர் இலவசம்'. 2024-இல் வந்த அவருடைய 'மகாராஜா'வில், ராஜபாளையத்தில் பிறந்த விஜய் சேதுபதி முடிதிருத்துகிறவராக வருகிறார். லட்சுமி என்ற குப்பைத் தொட்டியைக் காணோம் என்று போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கிறார். ஸ்டேஷனும் சிரிக்கிறது, தியேட்டரும் சிரிக்கிறது. அவர் எதற்காக அங்கே வந்தார் என்று தெரியும்போது, சிரித்த நமக்கே மனசு கூசுகிறது. முதலில் சிரித்திருக்காவிட்டால் அந்தக் கூச்சம் வராது.

இனி உங்கள் கதைக்கு வருவோம். நாம் 'ஆபீஸ்' என்று சொல்லும் பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். காதலிக்கும் பையன் ஒருவன் சாப்பாட்டுத் தூக்கில் போனை மறைத்து எடுத்துப் போகிறான், அது மணியடித்து போர்மேனிடம் மாட்டிவிடுகிறது. நீங்கள் இதைக் காமெடியாக எழுதினால் துரத்தலோடு முடிந்துவிடும். எதையும் மாற்றவேண்டாம், விலையை மட்டும் கூட்டுங்கள். அக்கா கல்யாணத்துக்காக அவன் வீட்டில் ஆபீஸில் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார்கள். வேலை போனால் அதை உடனே திருப்பிக் கட்டவேண்டும். போன் மணியடித்த அறையில் இருந்த பெண்கள் எல்லோரும் பீஸ் ரேட்டுக்கு வேலை பார்க்கிறவர்கள். விசாரணை முடியும்வரை அவர்களை வெளியே உட்கார வைக்கிறார்கள், அன்றைக்குக் கூலி குறைகிறது. காலையில் வேனில் அவன் காதலைக் கிண்டல் செய்துகொண்டு வந்த அதே அக்காமார்கள், சாயங்காலம் அதே வேனில் அவன் பக்கத்தில் உட்கார மறுக்கிறார்கள். எங்கும் ஒரு திரிகூடப் பற்றவில்லை. பத்து நிமிடப் படத்துக்கு இது தாராளம்.

கிண்டலை நன்றாக எழுதுங்கள். உங்களுக்குப் பழகிய வேலை அது. வசனம் தீர்ந்த இடத்தில் கேமராவைக் கைகளிடம் கொண்டுபோங்கள். அலுமினியப் பவுடர் படிந்து வெள்ளியாக மின்னும் விரல்கள், சாப்பாட்டுக்கு முன் எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் தங்கிவிடும் அந்த மினுமினுப்பு. ஆபீஸுக்குள் கேமராவை விடமாட்டார்கள், விடவும் கூடாது. வீட்டு வாசலில் வாளித் தண்ணீரில் கை கழுவும்போது இதை எடுக்கலாம்.

இன்னொன்று. காமெடி எடுக்கும்போது தியேட்டர் சிரித்ததா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். டிராமாவில் அந்த வசதி இல்லை. அமைதியாக இருக்கிறவர்கள் உருகுகிறார்களா, தூங்குகிறார்களா என்று இயக்குநருக்குத் தெரியாது. அதனால் எடிட்டிங் முடிப்பதற்கு முன் வெம்பக்கோட்டையிலோ திருத்தங்கலிலோ பட்டாசுத் தொழிலாளி ஒருவர் வீட்டுத் திண்ணையில் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். "எங்க ஆபீஸ்ல இப்படி நடக்காதே" என்று யாராவது சொன்னால் படத்தை நிறுத்திவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள். அந்தக் காட்சியைத் திரும்ப எடுங்கள்.

பட்டம் பெற்ற உங்களுக்கும், விடியுமுன் கம்பெனி வேன் ஏறிப் போய் உங்களைப் படிக்கவைத்த பெற்றோர்களுக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்.