மேடைப்பேச்சும் தொடர்நாடகமும்



தொலைக்காட்சித் தொடர்நாடகத்திலிருந்து மேடைப்பேச்சாளர் கற்கத்தக்கது யாது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். "நாடகம் பார்ப்பதைக் குறையுங்கள் என்று சொல்லவேண்டிய இளைஞர், அதைப் புகழ வந்துவிட்டனரே!" என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். அதன் கதை சொல்லும் முறையை மாத்திரமே கடன் வாங்க வந்தோம்.

இத்தகைய கடன் நமக்குப் புதிதன்று. ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் பயின்றவர். பேர்சிவல் பாதிரியாருடன் பைபிள் மொழிபெயர்ப்பிலும் உழைத்தவர். பாதிரிமார் பிரசங்கிக்கும் முறையை அருகிருந்து அறிந்த அவர், 1847 டிசம்பர் 31ஆந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பிரசங்கத்தைத் தொடங்கினார். முறை பிறரிடம் பெற்றது, பொருள் தம்முடையது. மிஷன் பாடசாலையிற் படித்த எம்போன்றோருக்கு இது தைரியந் தருஞ் செய்தியாகும்.

இனி, நம் மேடைகளைப் பார்ப்போம். "தொண்டு என்றால் என்ன?" என்று வரைவிலக்கணத்துடன் பேச்சுத் தொடங்கும். அடுக்குமொழி வரும், கைதட்டலும் வரும். வீடு சென்றபின் என்ன பேசினார் என்று வினவினால், "நன்றாகப் பேசினார்" என்பதே விடை. அதே வீட்டில் நேற்றைய நாடகக் கதையைக் கேட்டுப் பாருங்கள். அம்மம்மா ஒன்றும் விடாமற் சொல்லுவார்!

முடிவு தெரியாமையே ஆவலுக்குக் காரணம் என்பாரும் உளர். 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை, ராமானந்த் சாகரின் இராமாயணத் தொடரை இந்தியத் தூரதர்ஷன் ஞாயிறு காலைகளில் ஒளிபரப்பியது. அவ்வேளைகளில் வீதிகள் வெறிச்சோடின. இராமன் வெல்வான் என்பதை அறியாதவர் யார்? எனினும், கைகேயி வரங் கேட்கும்போது தசரதன் என்ன செய்வான் என்று நெஞ்சு பதைக்கிறது. ஒரு மனிதன் வாக்குக்கும் பாசத்துக்குமிடையே அகப்பட்டு நிற்கும் நெருக்கடியே ஆவலின் வேர் என்பது இதனாற் புலனாகும்.

நம் பேலியகொடையிலிருந்தே உதாரணங் காட்டுவோம். 2020 ஒக்டோபரில் இங்குள்ள மத்திய மீன்சந்தையிற் கொரோனாத் தொற்றுக் கண்டறியப்பட்டு, சந்தை மூடப்பட்டது. அதைக்கொண்டு தொண்டைப் பற்றிப் பேசவேண்டும் என வைத்துக்கொள்வோம். நாட்கூலிக்கு மீன்பெட்டி சுமக்கும் ஒருவரைக் கற்பனை செய்யுங்கள். வீட்டில் இரண்டு நாளைக்கே அரிசி உண்டு. வாசலில் அயல்வீட்டுப் பிள்ளை வெறுஞ் சுண்டுடன் நிற்கிறது. மனைவி அரிசிப் பானையைப் பார்க்கிறாள். பின் கணவனைப் பார்க்கிறாள்.

இங்கே பேச்சாளர் ஒரு மூச்சு நேரம் நிறுத்தவேண்டும். சபையில் இருமலுங் கேளாது. தொண்டு என்ற சொல்லை நாம் இன்னும் உச்சரிக்கவில்லை. ஆயினும் கேட்போர் அனைவரும் அதைப் பற்றியே சிந்திக்கின்றனர். "ஏழைகள்" என்று ஆயிரம் பேரைச் சொல்லாது ஒருவரைக் காட்டினோம். ஒரு காட்சியில் ஒரு பொருளையே வைத்தோம். நாடகத்தில் நாம் கற்ற பாடம் இவ்வளவே.

ஆயின், இரண்டிடங்களில் நாடகத்தை விட்டு விலகவேண்டும். முதலாவது, நாடகம் முடிச்சைப் போட்டு "தொடரும்" என்கிறது. விளம்பரதாரருக்கு நாளைக்கும் நாம் வேண்டும். பேச்சாளருக்கோ நாளை என்பதில்லை. அம்மனைவி சுண்டை வாங்கி நிறைத்துக் கொடுத்தாள் என்பதைச் சொல்லாது இறங்கினால், கேட்டோருக்கு நாம் கடன்காரராவோம். இரண்டாவது, கற்பனையைக் கற்பனை என்றே சொல்லவேண்டும். நிவாரணத்துக்குப் பணந் திரட்டும் மேடையில் நடவாத துயரை நடந்ததாகச் சொல்லி அழவைப்பது களவேயாகும். ஒருமுறை ஏமாந்தவர் மறுமுறை மெய்யான துயருக்கும் கை நீட்டமாட்டார். அந்நட்டம் அரிசியின்றி இருக்கும் வீட்டையே சேரும்.

தோழர்களே, அடுத்த பேச்சுப்போட்டிக்கு ஆயத்தஞ் செய்கையில், அடுக்குமொழி தேடுமுன் ஒரு மனிதரைத் தேடுங்கள். பெரியோர்களே, உச்சரிப்புக்கும் ஞாபகசக்திக்கும் புள்ளியிடுவதோடு நில்லாது, பேச்சில் எது மனத்தில் நின்றதென்று மறுநாளும் எங்களுக்குச் சொல்லுங்கள். அதுவே நாங்கள் வேண்டும் பரிசு.