பந்தியும் பித்தளைக் குடமும்



விருந்து வைத்துத் தர்மத்துக்குப் பணம் திரட்டுவது என்று சொன்னவுடன், கொழும்பு நகரத்து ஓட்டல் மண்டபமும், பொன்னெழுத்தில் அச்சடித்த டிக்கெட்டும், பிரமுகர்களின் பிரசங்கமுமே நம்மில் பலருக்கு ஞாபகத்தில் வரும். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. பசித்தவன் வயிற்றுக்குப் போய்ச் சேருகிற காசு எந்த மண்டபத்தில் பிறந்தால்தான் என்ன? ஆனால், 2022ஆம் வருஷம் ஆவணி மாதத்தில், ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்குப் போகிற வழியில், ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலின் ஈரத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து நான் உண்ட ஒரு வேளைச் சோறு, இந்த விஷயத்தில் எனக்கிருந்த அபிப்பிராயத்தை வெகுவாக மாற்றிவிட்டது. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இலங்கைப் பொருளாதார நெருக்கடியால் அந்த வருஷம் வந்த கஷ்டத்தை நேயர்களுக்கு நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை. 1973, 74ஆம் வருஷங்களில் அரிசியும் மாவும் அரிதாகிப்போக, மரவள்ளிக் கிழங்கையும் காட்டுக் கீரையையும் அவித்துத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்ட முதியவர்கள், அன்று முதல் பஞ்சம் என்ற சொல்லை வாயில் எடுக்கவே கூசி வந்தவர்கள், 2022இல் அதைத் தாங்களாகவே மறுபடி உச்சரித்தார்கள் என்று சொன்னால் போதும். அவ்வருஷம் செப்டம்பரில் உணவுப் பண்டங்களின் விலை முந்திய வருஷத்தைவிட நூற்றுக்கு 94.9 வீதம் ஏறியிருந்ததாகச் சர்க்கார் கணக்கே ஒப்புக்கொண்டது. கோதுமை மாவு கிலோ 400 ரூபாயை எட்டியது. விடியுமுன் எழுந்து, பிரட்டுக்கு, அதாவது காலை ஆஜர் எடுப்புக்கு, போகும் அவசரத்தில் தட்டிப்போட்ட ரொட்டியையும் கொஞ்சம் சம்பலையும் கட்டிக்கொண்டு மலையேறுகிற பெண்களுக்கு மாவின் விலை என்பது பத்திரிகைச் செய்தியல்ல.

தோட்டத்துப் பசிக்கு ஒரு தனி இலட்சணமும் உண்டு. வேலையற்றவன் பட்டினி கிடப்பது உலகத்தில் எங்கும் காண்பது; இங்கேயோ, வேலைக்குப் போய் வந்தவர் வீட்டிலும் உலை கொதிக்காத நாள் வரும். குறித்த கிலோ கொழுந்தை நிறுத்துக் காட்டினால்தான் அன்றைக்கு முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம்; குறைந்தால் அரைப் பேர் என்பது மலையின் சட்டம். முந்திய வருஷம் ரசாயன உரத்தின் இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தியதன் பலனாகச் செடி மெலிந்து, கொழுந்தும் சுருங்கிவிட்டபடியால், 2021இல் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்த நாட்சம்பளம் எத்தனையோ பெண்களுக்கு ஏட்டளவில்தான் இருந்தது. இந்த மாதம் முழுப் பேர் கண்டவள் அடுத்த மாதம் கடையில் கடன் சொல்லுவாள். இன்று கடன் சொன்னவள் நாளை அயல் வீட்டுக்கு ஒரு சுண்டு அரிசி அளந்து கொடுப்பாள். கொடுப்பவர் ஒரு ஜாதி, வாங்குபவர் இன்னொரு ஜாதி என்ற பிரிவினை தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் செல்லாது.

கொழும்புக் கடைகளில் வேலை பார்க்கும் அந்தத் தோட்டத்து இளைஞர் சிலர், இதை மனத்தில் வைத்துத்தான், அரிசியும் மாவும் பருப்பும் ஓரிடத்தில் சேமித்து வைத்து, முடியாத வீட்டார் எடுத்துக்கொண்டு முடிந்தபோது திருப்பி வைக்கும்படியான ஓர் ஏற்பாட்டைப் பிரஸ்தாபித்தார்கள். அவர்கள் அதற்கு உணவு வங்கி என்று பெயர் வைத்தார்கள். கிழவிகள் அரிசிப் பெட்டி என்றார்கள். பெயரில் தகராறு வரவில்லை. முதல் போடுவதற்கு ஒரு விருந்து வைப்பது என்று நிச்சயமானபோதுதான் வந்தது.

“டிக்கெட்டு ஐந்நூறு ரூவான்னு போடுவோம் தலைவரே. டவுன் முதலாளிமாரும் வாங்குவாங்க” என்றான் ஒருவன்.

“சாமி வாசல்ல வச்சுச் சோத்துக்கு வெல போடுறதா? டிக்கெட்டு இல்லாதவன் லயத்துல உக்காந்து வாசன பிடிச்சுக்கிட்டு இருக்கணுமா தம்பி?” என்றார் தோட்டத் தலைவர்.

நானும் அப்போது இளைஞர் கட்சியில்தான் இருந்தேன். கணக்கு வழக்கு சுத்தமாக இருக்க வேண்டுமானால் டிக்கெட்டே உத்தமம் என்று ஒரு சிறு பிரசங்கமும் செய்ததாக ஞாபகம். கடைசியில், பென்சன் வாங்கிவிட்ட ஒரு கிழவி, “கோயில் குடத்த வையுங்க, வாயத் துணியால கட்டிவிடுங்க, சாப்பிட்டவங்க கைய விட்டுட்டுப் போகட்டும்” என்று சொல்லி வழக்கைத் தீர்த்து வைத்தாள்.

விருந்தினால் பணம் சேர்ப்பது நம்மவருக்குப் புதிதன்று. நம் முன்னோரில் அநேகர் புறப்பட்டு வந்த புதுக்கோட்டைச் சீமையிலும், அதை அடுத்த பேராவூரணிப் பக்கத்திலும், ஆடி மாதம் பிறந்தால் மொய் விருந்து நடக்கிறது. ஆட்டுக்கறியும் சோறும் போட்டு, வந்தவர் கொடுக்கும் தொகையை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, அவரவர் வீட்டு விருந்தில் அதைத் திருப்பிச் செய்வது அவ்வூர்ச் சம்பிரதாயம். நோட்டு ஒன்று இருப்பதனாலேயே அது பாதி உபகாரம், பாதி கடன். ஆயினும் 2022 மே மாதத்தில் அதே சீமையில் ஒரு தேநீர்க் கடைக்காரர், இலங்கை மக்களுக்காக மொய் விருந்து என்று அறிவித்து, தேநீரை விலை சொல்லாமல் வழங்கி, குடித்தவர் மனம்போல் போட்ட காசை நிவாரண நிதிக்குச் சேர்ப்பித்தார். தேயிலை கிள்ளுகிறவர்களும் வாடிய காலத்தில், தேநீரையே மொய்ப் பண்டமாக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதை நினைத்து நான் வியப்பதுண்டு. தமிழ்நாட்டு அரசாங்கம் அனுப்புவதாகச் சொன்ன 40,000 டன் அரிசியில் முதல் பகுதி சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியதும் அந்த மாதத்தில்தான்.

இன்னும் ஒரு பொருத்தம் உண்டு. 1867ஆம் வருஷம் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் கண்டிச் சீமையில் லூல்கந்துரத் தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டாரே, அதே வருஷம் வைகாசியில்தான் வடலூரில் இராமலிங்க சுவாமிகள், அவ்வூரார் கொடுத்த நிலத்தில் சத்திய தருமச்சாலையை நிறுவி அடுப்பை மூட்டினார். அந்த அடுப்பு இன்றளவும் அணைந்ததில்லை. பத்து வருஷத்துக்குள் தாது வருஷப் பஞ்சம் வந்தது. வடலூர் அடுப்பின் சூடு எட்டாத கிராமங்களிலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு டெய்லர் செடி போட்ட மலைகளின் பக்கமாக நடந்து வந்தார்கள்.

விருந்து நாளன்று காலையிலிருந்தே தூறல். கவ்வாத்து மலையிலிருந்து பெண்கள் சுமந்து வந்த மிலாறு விறகு நனைந்துவிட்டதனால், அடுப்பு எரிந்ததைவிடப் புகைந்ததே அதிகம்; கிடாரத்துச் சோற்றிலும் அந்தப் புகையின் மணம் லேசாக இருந்தது. கீழ்க் கிராமத்துச் சிங்களவர்கள், வெசாக் தன்சல் என்னும் அன்னதானத்துக்குக் கொடுத்துப் பழகியவர்களாதலால், கேளாமலே தேங்காய் அனுப்பியிருந்தார்கள். டவுன் முஸ்லிம் வியாபாரி ஒருவர் அரை மூட்டைப் பருப்பைத் தாமே ஆட்டோவில் ஏற்றி வந்தார். வாழையிலை அந்தக் குளிரில் அருமை. லஞ்ச் சீட்டில்தான் பரிமாறினார்கள். பூசணிக்காய்க் கறி, லீக்ஸ் போட்ட உருளைக்கிழங்கு, பருப்பு, ரசம், அப்பளம். எனக்கு வலப்பக்கம் கணக்கப்பிள்ளை. இடப்பக்கம் அன்று அவர் ஏட்டில் அரைப் பேர் வாங்கிய ஒரு தாய், மடியில் குழந்தையோடு. இருவருக்கும் ஒரே அகப்பை. நிவாரணப் பொதியைக் கையில் கொடுத்துவிட்டுக் கொடுத்த கையையும் வாங்கிய முகத்தையும் சேர்த்துப் படம் பிடிக்கிற வழக்கத்தை அந்த வருஷம் நான் பல இடங்களில் கண்டு மனம் கசந்திருந்தேன். இந்தப் பந்தியில் யாரைப் படம் பிடிப்பது என்று எவருக்கும் தெரிந்திராது.

கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் குடம் இருந்தது. வாயில் மஞ்சள் துணி. நடுவில் ஒரு கை நுழையுமளவு கிழிசல். ஒவ்வொருவரும் மூடிய கையை உள்ளே விட்டு, திறந்த கையை வெளியே எடுத்தார்கள். பித்தளை பாருங்கள், நாணயம் விழுந்தால் கிணீரென்று சப்தம் வரும். தாள் விழுந்தால் ஒன்றும் வராது. ஆனாலும் சப்தம் எழுப்பியவர் குறைவாகப் போட்டார், எழுப்பாதவர் அதிகம் போட்டார் என்றும் சொல்ல முடியாது. இடப்பக்கம் இருந்த அந்தத் தாயும் கையை விட்டாள், கிணீர் என்றது.

இரவு மின்வெட்டு நேரத்தில், மெழுகுவர்த்தியைக் குத்தி வைத்துக்கொண்டு, அம்மன் சந்நிதியில் குடத்தைக் கவிழ்த்தார்கள். தொகையை வெளியில் சொல்ல எனக்கு உத்தரவில்லை. பிள்ளை மடுவம் என்னும் குழந்தைகள் காப்பகத்தின் பக்கத்து அறையில் சுவரோரமாக அடுக்கிய மூட்டைகள் தீபாவளிவரை தாங்கின என்று மட்டும் சொல்லலாம். எண்ணிக்கொண்டிருந்த இளைஞன், தாள்களுக்கும் சில்லறைக்கும் நடுவிலிருந்து நாலைந்து சட்டைப் பொத்தான்களைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, தலைவரைப் பார்த்தான். “இதை என்ன செய்ய?” என்று கேட்க வாயெடுத்தவன் கேட்கவில்லை. தலைவர் அவற்றை வாங்கி, மறுபடி குடத்துக்குள் போட்டு, துணியை இறுக்கிக் கட்டினார்.