கினபாலு மலைப் பூங்கா



பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் மிகப் பழைய பால்மரம் ஒன்று வேலியிட்டுக் காக்கப்பட்டு வருவதை உங்களுள் சிலர் கண்டிருப்பீர்கள். 1877ஆம் ஆண்டில் நாட்டிற்கு வந்து சேர்ந்த நாற்றுகளுள் ஒன்பது அவ்வூரில் நடப்பட்டன. அவ்வாண்டில் பேராக்கின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்று, பால்மரப் பயிரை ஆதரித்து வளர்த்தவர் ஹியூ லோ. அதே மனிதரின் பெயரைத்தான், கடல் கடந்து சபா மாநிலத்தில் நிற்கும் கினபாலு மலையின் உச்சி முகடும் தாங்கியிருக்கிறது. இன்று நான் பேச வந்தது அம்மலையையும் அதனைச் சூழ்ந்த பூங்காவையும் பற்றியே.

லாபுவான் தீவில் பணியாற்றிய காலத்தில், 1851ஆம் ஆண்டில், லோ இம்மலையில் ஏறினார். அவர் பாறை உச்சியை அடைந்தாரெனினும் மிக உயர்ந்த முகட்டைத் தொடவில்லை. 1888ஆம் ஆண்டில் அதனைத் தொட்டவர் ஜான் வைட்ஹெட் என்னும் விலங்கியலார். பெயரோ லோவுக்கே நிலைத்துவிட்டது. அவருக்குக் காட்டில் வழிகாட்டிச் சென்றவர்கள் மலையடிவாரத்து டூசுன் மக்கள். அவர்களுக்கு இது ஏறி வெல்லும் மலையன்று. மறைந்த முன்னோரின் ஆவிகள் உறையும் புனித இடம்.

மலையின் உயரம் 4,095 மீட்டர், அதாவது ஏறத்தாழ 13,435 அடி. மலேசியாவில் இதனை விஞ்சும் மலை இல்லை. 1964ஆம் ஆண்டில் இது பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 754 சதுரக் கிலோமீட்டர். ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட செடிகொடி வகைகள் அங்கு வளர்கின்றன. அடிவாரத்தில் வானளாவும் பெருமரங்கள். மேலே செல்லச் செல்லப் பாசி போர்த்திய குளிர்காடு. அதற்கும் மேலே காற்றுக்கு வளைந்து குறுகிய மரங்கள். இறுதியில், பண்டைக் காலத்தில் பனியாறு தேய்த்துச் சென்ற வெறும் கருங்கல். இரண்டே நாள் நடையில் இத்தனை மாற்றங்களையும் காணலாம்.

மரத்தில் கட்டிய மங்கில் பால் சொட்டுவதை நாள்தோறும் காணும் உங்களுக்கு, அங்குள்ள குடுவைச் செடி வியப்பளிக்கும். இச்செடியின் இலை நுனியே குடுவையாகி நீரை ஏந்தி நிற்கிறது. ‘ராஜா’ எனப் பெயர் பெற்ற பெரிய வகையின் குடுவை இரண்டு லிட்டருக்கும் மேல் நீர் கொள்ளும். பூச்சிகள் அதனுள் விழுந்து செடிக்கு உணவாகின்றன. அதனினும் வியப்பான செய்தியொன்றை அண்மைக் கால ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர். குடுவை மூடியின் அடிப்புறத்தில் ஊறும் இனிப்பை நக்க மர மூஞ்சூறு வருகிறது. வந்த இடத்திலேயே எச்சமிட்டுச் செல்கிறது. அந்த எச்சமே செடிக்கு எருவாகிறது. மண்ணில் சத்துக் குறைந்த இடத்தில் செடி தனக்குத் தானே உரம் வாங்கிக்கொள்ளும் முறை இது!

பூங்காவின் கிழக்குப் பகுதியில் போரிங் என்னும் இடத்தில் கந்தக வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. அதன் சுற்றுப்புறத்தில் ரஃப்லேசியா மலர்கிறது. அதற்கு இலையும் இல்லை, தண்டும் இல்லை; ஒருவகைக் காட்டுக்கொடியை ஒட்டியே அது வாழ்கிறது. பல மாதங்கள் மொட்டாக இருந்து, சில நாள்களே மலர்ந்து அழுகிப்போகும். தம் நிலத்தில் அது பூத்ததும் கிராமத்தார் சாலையோரத்தில் பலகை நாட்டிச் சிறு கட்டணம் பெற்றுக்கொண்டு காட்டுகின்றனர். அதனால் வருவாய் கிடைக்கிறது. கொடியும் வெட்டுக்குத் தப்புகிறது. நல்ல ஏற்பாடென்றே நான் கருதுகிறேன்.

ஆனால் இப்பூங்காவின் எல்லை எக்காலமும் ஒரே இடத்தில் நின்றதன்று. மாமுட் என்னுமிடத்தில் செம்பு இருப்பது தெரியவந்ததும் அப்பகுதி பூங்காவிலிருந்து நீக்கப்பட்டது. 1975ஆம் ஆண்டு முதல் 1999ஆம் ஆண்டு வரை அங்குச் சுரங்கம் நடந்தது. செம்பும் கிடைத்தது, பலருக்கு வேலையும் கிடைத்தது, அதனை மறுப்பதற்கில்லை. சுரங்கம் மூடப்பட்ட பின் எஞ்சியதோ புளிப்பேறிய நீர் தேங்கும் பெரும் பள்ளமே. மறு ஆண்டே, அதாவது 2000ஆம் ஆண்டில், யுனெஸ்கோ இப்பூங்காவை உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றது. நீக்கப்பட்ட நிலம் அப்பெருமைக்கு வெளியே கிடக்கிறது.

மலையில் உழைப்போரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏறுவோர் நடுவழி விடுதியில் தங்கி, இரவு இரண்டு மணியளவில் எழுந்து, விளக்கொளியில் உச்சி நோக்கிப் புறப்படுகின்றனர். அவர்களுக்கு முன்னே எழுபவர் வழிகாட்டிகள். விடியுமுன் நெற்றியில் விளக்குக் கட்டி வேலைக்கிறங்கும் பழக்கம் உங்களுக்குப் புதிதன்று. விடுதிக்கு வேண்டிய அரிசியும் எரிவாயுவும் சுமைகாரர் முதுகிலேயே மலையேறுகின்றன. 2015ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் காலையில் நில நடுக்கம் ஏற்பட்டுப் பாறைகள் சரிந்தபோது 18 பேர் உயிரிழந்தனர். சிங்கப்பூர்ப் பள்ளிச் சிறாரும் மலை வழிகாட்டிகளும் அவர்களுள் அடங்குவர். மேலே சிக்கிக்கொண்ட நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கீழே கொண்டு சேர்த்ததில் உள்ளூர் வழிகாட்டிகளின் பங்கு பெரிது.

உச்சிக்கு ஏற விரும்புவோர் முன்கூட்டியே பதிவு செய்தல் வேண்டும். வழிகாட்டியின்றி ஏற அனுமதியில்லை. ஏற இயலாதவர் வருந்த வேண்டா. கோத்தா கினபாலுவிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் பூங்காத் தலைமையகத்தை அடைந்து, முதியோரும் பிள்ளைகளும் காட்டுப் பாதைகளில் நடந்து வரலாம். தீபகற்பத்திலிருந்து செல்வோர் அடையாள அட்டையை மறவாது கொண்டு செல்க. குளிராடையும் எடுத்துக்கொள்க. முற்பகலிலேயே மேகம் ஏறி முகடுகளை மூடிவிடுவது வழக்கமாதலின், மலையைக் காண விடியற்காலையே ஏற்ற வேளை.