ஜாமீன் கையெழுத்தும் ஒரு தூதரும்

 

அயல்நாட்டான் நம்ம உயிரை எடுத்தா, நியாயம் வாங்கித் தருவது கண்டிப்பா, கனிவா? இதுதான் தலைப்பு. எதிரணித் தம்பி கனிவு கனிவுன்னு பேசி, பழுத்தே விழுந்துட்டாரு. (சிரிப்பு)

2012 பிப்ரவரி 15. கேரளக் கரையிலிருந்து சுமார் 20 கடல் மைல். மீன்பிடிப் படகு ஒண்ணு. பக்கத்துல 'என்ரிகா லெக்ஸி'ங்கிற இத்தாலி எண்ணெய்க் கப்பல். அதுல காவலுக்கு வந்த கடற்படை வீரர்கள், கொள்ளைக்காரங்கன்னு நினைச்சுச் சுட்டதுல ரெண்டு மீனவர்கள் செத்துப் போனாங்க. ஒருத்தர் கொல்லம். இன்னொருத்தர் நம்ம கன்னியாகுமரி மாவட்டம்.

கப்பலைக் கொச்சிக்கு வரவழைச்சு ரெண்டு வீரர்களைக் கைது பண்ணினாங்க. கிறிஸ்துமஸ்னு கேட்டாங்க, நீதிமன்றம் அனுப்புச்சு, திரும்பி வந்தாங்க. 2013 பிப்ரவரியில, "தேர்தல், ஓட்டுப் போடணும்"னாங்க. 4 வாரம் அனுமதி. திருப்பி அனுப்புறோம்னு இத்தாலித் தூதர் எழுதிக் கொடுத்தார். மார்ச் 11 அன்னைக்கு இத்தாலி சொல்லுது, "அவங்க வரமாட்டாங்க!" ஓட்டுப் போடப் போனவங்க ஊரோடவே தங்கிட்டாங்க! (சிரிப்பு)

நம்ம ஊர்ல ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் படுற பாடு உங்களுக்குத் தெரியும். உச்சநீதிமன்றம் அதைத்தான் செஞ்சது. "தூதர் நாட்டை விட்டுப் போகக் கூடாது!" (கைதட்டல்) தூதரைத் தடுக்கலாமா, சர்வதேச மரபு என்ன ஆச்சுன்னு கூச்சல் போட்டாங்க. மார்ச் 22, ரெண்டு பேரும் டெல்லியில வந்து இறங்கினாங்க. அவங்களைத் திருப்பி அனுப்பினதை எதிர்த்து இத்தாலி வெளியுறவு அமைச்சரே ராஜினாமா பண்ணினார்!

கடைசியில தண்டனை கிடைச்சதான்னு தம்பி கேட்பாரு. கிடைக்கலை. 2020-ல சர்வதேச நடுவர் மன்றம், வீரர்கள் அரசுப் பணியில இருந்தவங்க, இந்தியா அவங்களை விசாரிக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. ஆனா இழப்பீடு உண்டுன்னு அதே மன்றம் சொல்லுச்சு. 2012-ல குடும்பத்துக்கு 1 கோடின்னு கொடுத்துக் கணக்கை முடிக்கப் பார்த்தவங்க, 2021-ல அதுக்கு மேல 4 கோடி, 4 கோடின்னும், படகுக்காரருக்கு 2 கோடியும் கொடுத்தாங்க. அது உயிருக்கு விலையில்லை, எனக்குத் தெரியும். ஆனா ஆளும் கப்பலும் நம்ம பிடியில இருந்ததாலதான் அவங்க மேசைக்கு வந்தாங்க.

இப்ப நம்ம மாவட்டத்துக்கு வாங்க. 2021 ஜனவரியில கோட்டைப்பட்டினத்திலிருந்து போன படகு, இலங்கைக் கடற்படைக் கப்பலோட மோதி மூழ்கிடுச்சு. நாலு பேர் பிணமா வந்தாங்க. படகுதான் வந்து மோதுச்சுன்னு அவங்க சொன்னாங்க. டெல்லியில அவங்க தூதரக அதிகாரியைக் கூப்பிட்டுக் கண்டனம் சொன்னோம். கப்பல் அவங்ககிட்ட, சுக்கான் பிடிச்ச ஆளும் அவங்ககிட்ட. அந்த நாலு வீட்டு வாசல்ல போய் நின்னு, தம்பி எந்தக் கனிவைக் காட்டுவாரு? நடுவர் அவர்கள் கேட்டுச் சொல்லணும். (கைதட்டல்)